இரண்டு நொடியில் ஒரு வேண்டாம்

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். வைத்தவன் கணவன். கல்யாணமான புதிதில் அவன் ஆங்கிலத்தில் எழுதிய விடுப்புக் கடிதத்தை வாங்கிப் பார்த்து, ஏழு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "சரியான அகராதி பிடிச்சவளா வந்து வாய்ச்சிருக்கா" என்று அவன் தன் அக்காவிடம் போனில் சொன்னதும் இவள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள்தான். பன்னிரண்டு வருடத்தில், யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கணம் தாமதமாகத் திரும்புகிற அளவுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் வேலை, தொலைபேசியில் மொழிபெயர்ப்பது. ஆங்கிலமே பேசும் இந்த அயல்நாட்டு ஊரில், தமிழ் மட்டும் தெரிந்த ஒரு நோயாளி டாக்டர் முன்னால் உட்கார்ந்து திருதிருவென்று விழிக்கும்போது, நர்ஸ் ஓர் எண்ணை அழுத்துவார். அந்த அழைப்பு இரண்டாவது மாடியில், கண்ணாடித் தடுப்புகளுக்கு நடுவே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் இவள் காதில் வந்து விழும். டாக்டர் பேசுவதைத் தமிழில் இந்தப் பக்கம், நோயாளி பேசுவதை ஆங்கிலத்தில் அந்தப் பக்கம். யாருக்கும் பெயர் கிடையாது, முகம் கிடையாது. குரல் மட்டும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதனால் காலை பத்து மணிக்கு அவளுக்குக் கல்லீரல் வீங்கியிருக்கும். பதினொன்றுக்கு அவளே பல் டாக்டர். பன்னிரண்டுக்கு ஆறு மாதக் கர்ப்பம்.

"இன்னிக்கு உனக்கு என்ன வியாதி?" என்றுதான் சாயங்காலம் கணவன் விசாரிப்பான்.

"சொல்லக்கூடாது."

"ஒட்டுவாரொட்டி இல்லையே? அதைமட்டும் சொல்லிடு, தள்ளி உட்காந்துக்கறேன்."

சொல்லக்கூடாது என்பது விளையாட்டு இல்லை. அழைப்பின்போது குறிப்பெடுத்த தாளைக்கூட முடிந்த கையோடு மூலையில் இருக்கும் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். தமிழுக்கு அங்கே மொத்தம் ஐந்து பேர். பக்கத்து மேஜைக்காரிக்குப் பூட்டு என்று பெயர். பதினைந்து வருட வேலையில் அவள் வாயிலிருந்து ஓர் இருமல்கூட வெளியே போனதில்லை என்பார்கள்.

அந்த அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததுமே வந்தது. இதய நோய்ப் பிரிவு. டாக்டர் ஒரு பெண்மணி, நிதானமான குரல். எதிரே ஒரு கணவனும் மனைவியும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. போன வருடம் பிரசவத்தை ஒட்டி மனைவிக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. குழந்தை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரிய பாடு. இப்போதைய ஸ்கேனில் இதயம் நன்றாகவே தேறியிருந்தது.

நல்ல செய்தி கேட்டதில் அந்தக் கணவன் கலகலப்பாகிவிட்டான். "எங்க ஜட்ஜம்மாவாச்சே, தேறாம இருப்பாங்களா? மாத்திரை எத்தனை மணிக்கு, உப்பு எவ்வளவு, எல்லாமே தீர்ப்புதான் டாக்டர் எங்க வீட்டுல. நான் வெறும் டவாலி, கூப்பிட்டா ஓடற ஆள்."

"சும்மா இருங்க, அவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள் மனைவி.

இரண்டையும் அகராதி ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மனைவி அவசரமாகக் கேட்டாள், இதற்காகவே காலையிலிருந்து காத்திருந்தவள் போல.

"டாக்டர், அப்ப நாங்க இன்னொரு குழந்தை பெத்துக்கலாமா?"

டாக்டர் சற்று யோசித்துவிட்டுச் சொன்ன வாக்கியம் சின்னது. இன்னொரு கர்ப்பம் என்றால் அதை நான் 'டிஸ்கரேஜ்' செய்வேன். அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இரண்டு நொடி கிடைக்கும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் எதிர்ப்பக்கம் பயந்துபோகும். அலுவலகம் கொடுத்திருக்கும் சொல் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு நேரே 'அதைரியப்படுத்து, ஊக்கம் குன்றச் செய்' என்று போட்டிருந்தது. 'நான் உங்களை அதைரியப்படுத்துகிறேன்' என்று எந்த டாக்டராவது சொல்வாரா? நம் ஆட்கள் வாயில் தினமும் புரளுகிற டிஸ்கரேஜும் இங்கே உதவாது. அது, பாட்டு கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பெண்ணிடம் 'உன் தொண்டைக்கா?' என்று கேட்கிற மாமா செய்கிற வேலை. இரண்டு நொடியும் தீர்ந்துபோயிற்று. கைக்கு எட்டிய வார்த்தையை எடுத்துவிட்டாள்.

"இன்னொரு குழந்தை வேண்டாம்னு சொல்றேன்."

நாற்காலி ஒன்று லேசாகக் கிறீச்சிட்டது. பிறகு கணவன், "சரிங்க டாக்டர்" என்றான். அந்தக் குரலில் டவாலி இல்லை.

ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி பேசலாம் என்றார் டாக்டர். அதை அகராதி அச்சுப் பிசகாமல் சொன்னாள். எதைப் பற்றிப் பேச என்று அவர்கள் கேட்கவில்லை. அழைப்பு முடிந்தது. அவள் தாளைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டாள். அடுத்த அழைப்பில் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது.

சனிக்கிழமை நாத்தனார் வீட்டிலிருந்து மகள் பாப்பாவுக்கு ஒரு துணி அலமாரி வந்து இறங்கியது. புதிது வாங்கிவிட்டதால் பழையதைத் தந்திருந்தார். கணவனும் இவளுமாக அதைக் கட்டடத்தின் வாசலிலிருந்து லிஃப்ட் வரை நகர்த்திக்கொண்டு போனார்கள். எட்டு வயதுப் பாப்பா, அலமாரியின் கைப்பிடி ஒன்றைப் பத்திரமாகக் கையில் பிடித்தபடி ஊர்வலத்தின் முன்னால் நடந்தாள். லிஃப்ட் கதவு திறந்ததும் அகராதியின் கண் உள்ளே ஒட்டியிருந்த அறிவிப்பில் போய் நின்றது.

"இருங்க இருங்க. மரச் சாமான் ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"எங்க?"

"இதோ. மரச் சாமான் ஏத்துறதை டிஸ்கரேஜ் பண்றாங்களாம். படியிலயே போயிடலாம்."

"ஏழு மாடி படியிலயா? என் இடுப்பு என்ன வாடகைக்கு எடுத்ததா?" என்று அவன் அலமாரியை உள்ளே தள்ளினான். "அகராதி, நீ எம்.ஏ. படிச்சவ, ஒத்துக்கறேன். ஆனா இந்த மாதிரி போர்டை மாட்டுறவன் நான். கூடாதுன்னா அதுக்கு வேற வார்த்தை இருக்கு. சிவப்புல போடுவான், கீழே அபராதம்னும் போடுவான். இது நீலம், பாரு."

"அப்ப இதுக்கு என்னதான் அர்த்தம்?"

"பண்ணாம இருந்தா நல்லதுன்னு அர்த்தம். பண்ணித்தான் ஆகணும்னா பாத்துப் பண்ணு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் கேக்காதே. அவ்வளவுதான். கதவைச் சாத்தலை. கதவோரமா நின்னு கையைப் பெசஞ்சுக்கிட்டு 'எதுக்குப்பா இதெல்லாம்'ங்கறான். உள்ள போறதும் போகாததும் நம்ம இஷ்டம்."

பொத்தானை அழுத்தினான். லிஃப்ட் ஏறத் தொடங்கியது. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது அவன் திரும்பிப் பார்த்தான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றவளின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்ன, நசுங்குதா?"

வீட்டுக்குள் போனதும் அவள் அலமாரியை அப்படியே கூடத்தில் நிறுத்திவிட்டு, புத்தக அடுக்கிலிருந்து தன்னுடைய தடி ஆங்கில அகராதியை இறக்கித் தரையிலேயே உட்கார்ந்து புரட்டினாள். முதல் பொருள், மனம் தளரச் செய்வது. அது அவளுக்குத் தெரியும். இரண்டாவது பொருளின் கீழே பொடி எழுத்தில் விளக்கம் இருந்தது. ஒன்றைச் செய்யாமலிருப்பது நல்லது என்று உணர்த்துவது, தடுப்பதைவிட மென்மையானது, முடிவைக் கேட்பவரிடமே விட்டுவிடுவது. இதே பக்கத்தைக் கல்லூரியில் எத்தனை தடவை பார்த்திருப்பாள்! பார்த்ததெல்லாம் அந்த இரண்டு நொடியில் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

"என்ன ஆச்சு?" அவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தையை ரொம்ப அழுத்திச் சொல்லிட்டேங்க."

"யார்கிட்ட?"

"சொல்லக்கூடாது."

"சரி, சொல்லாதே. திருப்பிக் கூப்பிட்டு, இப்படியில்ல அப்படின்னு சொல்லிடேன்."

"யாரைக் கூப்பிட? எனக்குப் பேர் தெரியாது, வீடு தெரியாது. மூஞ்சியே தெரியாது."

அவன் தலையைச் சொறிந்தான். எந்த இயந்திரம் நின்றாலும் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் வழி தெரியும் என்று நம்புகிறவன் அவன். "ஆஸ்பத்திரி லிஃப்டெல்லாம் நாங்கதானே பாக்கறோம்? போற எடத்துல விசாரிக்கட்டுமா?"

"என்னன்னு விசாரிப்பீங்க?"

"எதைவெச்சு அடையாளம் கண்டுபிடிப்பே நீ?"

"குரல்."

அவன் பாப்பாவின் கையிலிருந்த கைப்பிடியை வாங்கி அலமாரியில் திருகினான்.

திங்கட்கிழமை அவள் மேற்பார்வையாளரிடம் போனாள். நல்ல மனிதர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, வேறு மொழிக்காரர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், திருத்தப் படிவம் ஒன்றை எடுத்துத் தானே நிரப்பினார், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான்கு நாளில் பதில் வந்தது. கோப்பில் டாக்டர் எழுதியிருப்பது 'டிஸ்கரேஜ் செய்தேன்' என்றுதான். நோயாளி மொழிபெயர்ப்பாளர் மூலம் புரிந்துகொண்டதாகவும் குறிப்பு இருக்கிறது. எனவே முரண்பாடு ஏதும் இல்லை. அடுத்த சந்திப்புக்கு இன்னும் பதினோரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. தேவைப்பட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலத்தில் எல்லாமே சரியாக இருந்தது. டாக்டர் சொன்னது சரி, எழுதியது சரி, கோப்பு சரி. பிழை தமிழில் மட்டும்தான் இருந்தது. அதுவும் எழுத்தில் இல்லை. எங்கேயோ ஒரு வீட்டில், இரண்டு பேர் மனசுக்குள் இருந்தது. அங்கே போய் எந்தப் படிவத்தால் அடித்துத் திருத்துவது?

"பேச்சுப் பதிவைக் கேட்டுப் பார்த்தால் தெரியுமே" என்றாள்.

ஆஸ்பத்திரி கேட்டால்தான் பதிவைத் திறக்க முடியும், ஆஸ்பத்திரி கேட்கவில்லை என்றார் மேற்பார்வையாளர். அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நாம் வெறும் குழாய், இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் போகிறது, இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே என்றார். 'அந்தக் குழாய்தான் 'நான்' என்று பேசியது ஐயா' என்று சொல்ல நினைத்தாள். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. தமிழுக்கு ஐந்து பேர்தான். அந்த ஆஸ்பத்திரி பெரும்பாலும் மதியத்தில்தான் அழைக்கும். அவர்கள் என்றைக்காவது எதற்காகவாவது மறுபடி அங்கே போனால், ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பள்ளி விடும் நேரத்தோடு முடிகிற தன் வேலை நேரத்தை அவள் சாயங்காலம் வரை நீளுமாறு மாற்றிக்கொண்டாள். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் பொறுப்பு கணவன் தலையில் விழுந்தது. கிரீஸ் கறையோடு பள்ளி வாசலில் போய் நின்றான், ஏன் என்று கேட்கவில்லை.

பூட்டிடமும் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, பொண்டாட்டியை ஜட்ஜம்மான்னு கூப்பிடுற ஒருத்தர் லைன்ல வந்தா எனக்கு ஒரு வார்த்தை..."

"எனக்குக் காது கேக்காது" என்றாள் பூட்டு.

"இப்ப கேக்குதே."

"ஹெட்போனைக் கழட்டினா காது கிடையாது, மாட்டினா வாய் கிடையாது. பதினஞ்சு வருஷமா இப்படித்தான் ஓட்டறேன். என் வீட்டுக்காரர் இன்னும் நான் ஏதோ துணிக்கடைக்கு ஆர்டர் எடுக்கறேன்னு நெனைச்சுட்டிருக்காரு. நீயும் அப்படியே இருந்துக்கோ. ராத்திரி தூக்கம் வரும்."

ஆறு வாரம் போனது. அழைப்பு மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் குரலைத்தான் பார்த்தாள். ஆண் குரலில் சிரிப்பு இருக்கிறதா? பின்னால் ஒரு பெண் 'சும்மா இருங்க' என்கிறாளா? இடைப்பட்ட நேரத்தில் வேண்டாத கற்பனையெல்லாம் வரும். அந்த மனைவி பெட்டியைத் திறந்து, எடுத்து வைத்திருந்த குட்டிச் சட்டைகளை யாருக்கோ கொடுக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கப் போன கை பாதியில் நிற்கிறது. யார் கேட்டாலும் ஒரே பதில், 'டாக்டர் வேண்டாம்னுட்டாங்க.' டாக்டரா சொன்னார்?

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு மணி அடித்தது. அதே ஆஸ்பத்திரி, ஆனால் வேறு பிரிவு. காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிற சின்ன ஆபரேஷன்கள் செய்யுமிடம். நர்ஸ் ஓர் இளைஞர். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்றார். ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்.

"இது நிரந்தரமானதுன்னு நெனைச்சுத்தான் முடிவு பண்ணணும். பின்னால மாத்திக்க முடியும்னு நம்பி வரக்கூடாது. புரியுதுங்களா?" என்று நர்ஸ் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்.

"புரியுதுங்க" என்றது எதிர்க்குரல், தணிவாக.

"எத்தனை குழந்தைங்க?"

"இல்லீங்க."

நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். மனைவிக்கு இதில் சம்மதமா என்று கேட்டார்.

"ஜட்ஜம்மா வெளியில பெஞ்சுல உட்காந்திருக்காங்க. அவங்களும் சரின்னுட்டாங்க."

அகராதியின் கையிலிருந்த பேனா தாளில் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போனது. அதையும் மொழிபெயர்க்க வேண்டுமே. மொழிபெயர்த்தாள். குழந்தை இல்லாதவருக்கு இந்த ஆபரேஷன் எதற்கு என்று தெரிந்துகொள்ளலாமா என்றார் நர்ஸ்.

"இதய டாக்டர் குழந்தை வேண்டாம்னு முடிவா சொல்லிட்டாங்க. அவளுக்கு ஆபரேஷன்னா அந்த நெஞ்சு தாங்குமோ என்னமோ. எனக்குப் பண்ணிட்டா வம்பே இல்ல, பாருங்க. நான் கல்லு மாதிரி இருக்கேன்."

அதையும் சொன்னாள். 'டாக்டர் குழந்தை வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்' என்று, தன் வாயாலேயே, அவருடைய 'நான்' ஆகவே. சொல்லி முடித்ததும் அடுத்த கேள்விக்காக நர்ஸ் மூச்சு இழுத்தது கேட்டது.

மொழிபெயர்ப்பவர் தன் குரலில் பேச ஒரே ஒரு வழி உண்டு. 'மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்' என்று இரு பக்கமும் அறிவித்துவிட்டுப் பேச வேண்டும். அதுவும் இந்த அழைப்பில் ஒரு சொல் புரியாவிட்டால் மட்டும்தான். பழைய அழைப்பைப் பற்றிப் பேசினால் வேலையே போகலாம். அவள் இரு பக்கமும் அறிவித்தாள்.

முதலில் நர்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னாள். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. ஆமாம், 'டிஸ்கரேஜ்' என்றுதான் இருக்கிறது, ஒரு வருடம் கழித்து மறுபரிசீலனை என்றும் இருக்கிறது என்றார் நர்ஸ். அவர் குரலும் மாறியிருந்தது. இதை அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

"ஐயா," என்றாள் அகராதி, "இப்ப பேசறது டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல. நான்தான், மொழிபெயர்க்கற ஆள். அன்னைக்கு இதய டாக்டர்கிட்ட உங்களுக்காகப் பேசினதும் நான்தான். டாக்டர் அன்னைக்கு முடிவா வேண்டாம்னு சொல்லலை. தள்ளி இருந்தா நல்லது, நானா போய்ப் பெத்துக்கோங்கன்னு சொல்ல மாட்டேன், அப்படிங்கற மாதிரிதான் சொன்னாங்க. ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்ல. ஆனா கதவைச் சாத்தலை. ஒரு வருஷம் கழிச்சுப் பேசலாம்னதும் அதைப் பத்தித்தான். நான் அழுத்திச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

இதைச் சொன்ன பிறகு என்ன வரும் என்று ஆறு வாரமாக அவள் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். திட்டுவார், அழுவார், 'ஜட்ஜம்மா, இங்க வா' என்று கூவிக்கொண்டு ஓடுவார். மூன்றும் வரவில்லை.

"ஏங்க சொன்னீங்க இதை?" என்றார் அவர்.

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லத்தானே வேண்டும்.

"அவ எட்டு நாள் அழுதா. நான் அழலீங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் குளிக்கிற ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு உட்காந்து சிரிச்சேன். போன தடவை அவளை வண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போனாங்க பாருங்க, கதவு சாத்தினாங்க, அதோட நாலு நாள். நாலு நாளும் நான் அந்தக் கதவையே பாத்துட்டிருந்தேன். மறுபடி அதைப் பாக்க வேண்டாம்னு ஒருத்தர் சொல்லிட்டாங்களேன்னு தலையிலேர்ந்து பெரிய பாரத்தை எறக்கின மாதிரி இருந்துச்சு. எனக்கு அந்த வேண்டாம் வேணுமா இருந்துச்சுங்க."

அகராதி ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் வைத்தாள். நான் அழவில்லை. நான் சிரித்தேன். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் வெளியில போய் இதைச் சொன்னா அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். கதவு ஒரு விரக்கடை தொறந்திருக்குன்னு தெரிஞ்சா போதும், அவ உள்ள போயிடுவா. சொல்லாம இந்தக் கையெழுத்தைப் போட்டா, ஆயுசுக்கும் அவ மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்?" குரல் உடைந்து, பிறகு சேர்ந்தது. "அம்மா, நீங்க நம்ம பேச்சு பேசறவங்க. இந்த நர்ஸ் தம்பிக்கு என்ன தெரியும்? நீங்களே சொல்லுங்க. நான் என்ன செய்யட்டும்?"

அவளிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து இருந்தது. ஜட்ஜம்மாவைக் கேளுங்கள் என்று ஒன்று. இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்று ஒன்று. உங்கள் பயத்தையும் அவளிடம் சொல்லுங்கள், பாவம், அது அவளுக்குத் தெரியவே தெரியாதே என்று இன்னொன்று. ஒரு தடவை இரண்டு நொடியில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் இவ்வளவும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நர்ஸிடம், நான் என்ன செய்ய வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறேன் என்று, அவர் குரலாகவே, ஆங்கிலத்தில் சொன்னாள்.

நர்ஸ் பெருமூச்சு விட்டார். நானும் முடிவு செய்ய முடியாது, மொழிபெயர்ப்பாளரும் முடிவு செய்ய முடியாது. பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் இன்றைக்கே ஆக வேண்டும் என்றில்லை. மறுபடி அழைக்கிறேன் என்றார்.

அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"அவ்வளவுதாங்க" என்றாள். அது நர்ஸ் சொல்லாதது.

இணைப்பு அறுந்தது.

அவள் தாளைக் கிழிக்கப் போகவில்லை. தாளில் ஒரு கோடு தவிர எதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஹெட்போனைச் சரி செய்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். அழைப்பு எந்த மேஜைக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களுக்குப் போகும். தமிழுக்கு அந்த நேரம் மூன்று பேர் இருந்தார்கள். ஏழாவது நிமிடம் அவள் காதில் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

பல் ஆஸ்பத்திரி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமா, வேர்ச் சிகிச்சை செய்யலாமா என்று ஓர் அம்மாள்.

"எனக்கு ராவெல்லாம் தெறிக்குது டாக்டர்" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மேஜையில் மணி அடித்தது. பூட்டு எடுத்தாள். கண்ணாடித் தடுப்பு தலைக்கு மேல்வரை இருந்தாலும் மேலே திறந்துதான் இருக்கும். பூட்டின் பேச்சு மட்டும் துண்டு துண்டாக வந்தது.

"வணக்கம்... ஆமாங்க, சொல்லுங்க... யாரு? ஜட்ஜம்மாவா?" அந்தப் பெயரை முன்னால் கேட்டதே இல்லை என்பதுபோல் விசாரித்தாள் பூட்டு. "எந்தக் கோர்ட்டு ஜட்ஜுங்க? ... ஓ, உங்க வீட்டுல. சரி, அவங்களே பேசறாங்களா? குடுங்க. ... ஆமாம்மா, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். அழாம சொல்லுங்க."

"எத்தனை நாளாகத் தெறிக்கிறது?" என்று பல் டாக்டர் கேட்டார்.

அகராதி தமிழில் கேட்டாள். மூன்று வாரம் என்று பதில் வந்தது. மூன்று வாரம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு காது அந்தப் பக்கமே கிடந்தது. ஆனால் பூட்டு அதன்பின் ஆங்கிலத்துக்கு மாறி, குரலையும் தணித்துக்கொண்டுவிட்டாள். பல்லைப் பற்றி இன்னும் ஒன்பது நிமிடம் பேச வேண்டியிருந்தது. பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயுமா, வேர்ச் சிகிச்சைக்கு எத்தனை தடவை வர வேண்டும், மயக்க ஊசி கையிலா ஈறிலா. ஒன்றைக்கூட அவள் விடவில்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

முடித்து எழுந்தபோது பூட்டு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். தாள் இயந்திரத்துக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நெருக்கமாக எழுதிய, இரண்டு பக்கமும் நிரம்பிய தாள். வெள்ளை நூல் நூலாக வெளியே வந்தது. ஒரு நூலில் நீல மை தெரிந்தது.

பூட்டு திரும்பி நடந்து வந்தாள். அகராதி வழியில் நின்றாள். இத்தனை வருடத்தில் எவர் முகத்தையும் அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பூட்டும் அவளைப் பார்த்தாள். சொல்லமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். பூட்டின் உதடு ஒருமுறை அசைந்தது, பிறகு மூடிக்கொண்டது. அவள் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தடுப்பின் மேல் வழியாக எட்டி இந்தப் பக்கம் வைத்தாள்.

அது தன் கண்ணைப் பார்த்து வைத்ததா, அந்தக் குரலைக் கேட்டு வைத்ததா என்று அகராதிக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. பெட்டியில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. காலையில் அது நிறைந்திருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

காதில் மணி அடித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரி செய்துகொண்டு எடுத்தாள்.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். சொல்லுங்க, கேட்டுட்டு இருக்கேன்."